பாஸ்புத்தகத்தில் 18,000, பேரேட்டில் 1,800: எங்கள் தெருக் குழுவில் நடந்த பேச்சு

குழு: எங்கள் தெரு உறவுகள், செவ்வாய்பேட்டை, சேலம்

பட்டறை அண்ணன், காலை 7.12
அனைவருக்கும் வணக்கம். நம் வார்டில் கவுன்சிலர் பதவிக்கு நிற்பவர், வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நம் தெருவுக்கு வாக்குக் கேட்டு வருகிறாராம். சிக்கன நாணயக் கடன் சங்கத்துக்கு அவர் தலைவராக இருந்த காலத்தில்தான் நம்மில் பலருடைய சேமிப்பு காணாமல் போனது. அதைப் பற்றி அவரிடம் நேரில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

மளிகைக்கடைத் தம்பி, காலை 7.30
அண்ணா, அவர் எனக்குச் சித்தப்பா என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறேன். பணத்தை எடுத்தவர் செயலாளர். சித்தப்பா ஒரு ரூபாயைக்கூடத் தொடவில்லை என்று விசாரணையிலேயே தெரிந்துவிட்டது. அப்படிப்பட்டவரைத் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்பது முறையா?

மாடிவீட்டு அக்கா, காலை 7.51
தம்பி, என் மாமியாரின் பாஸ்புத்தகம் இன்னும் எங்கள் பீரோவில்தான் இருக்கிறது. பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை கோத்து, வாரக் கூலியில் மிச்சம் பிடித்து அவர் சேர்த்த பணம். கடைசிப் பக்கத்தில் நீல மையில் 18,000 என்று எழுதிச் சங்கத்தின் முத்திரையும் குத்தியிருக்கிறார்கள். அதே தேதியில் சங்கத்தின் கணக்குப் புத்தகமான பேரேட்டில் இருந்தது 1,800. அதைக் காட்டியபோது மாமியார் எதுவும் பேசவில்லை. புத்தகத்தை முந்தானையால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றிரவு சாப்பிடவும் இல்லை.

தணிக்கை மாமா, காலை 8.20
கூட்டுறவுத் தணிக்கையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தம்பி சொல்வது உண்மைதான். அவர் சித்தப்பா பணத்தை எடுக்கவில்லை. ஆனால் எடுத்தவர் செய்த தவறு வேறு, பார்க்க வேண்டியவர் பார்க்காமல் விட்ட தவறு வேறு. அக்கா சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் ரொக்கத்தைத் தினமும் எண்ணியிருந்தாலும் இது பிடிபட்டிருக்காது. ஏனென்றால் மீதி 16,200 ரூபாய் அன்றாட வரவு செலவு எழுதும் சிட்டாவுக்குள்ளும் வரவில்லை, பேரேட்டுக்குள்ளும் வரவில்லை, ஆகவே இருப்பு எப்போதும் சரியாகவே இருக்கும். உறுப்பினர்களின் பாஸ்புத்தகங்களை வாங்கிப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டுமே இந்த மோசடி தெரியும். அந்த ஒப்பீடு நடக்கவில்லை என்று தணிக்கை அறிக்கையில் எழுதப்பட்டிருந்ததையும், ‘இனிவரும் காலத்தில் சரிசெய்யப்படும்’ என்று குறை நிவர்த்தி அறிக்கையில் தலைவர் கையெழுத்திட்டு அனுப்பியதையும் சங்க உறுப்பினர்களின் பேரவைக் கூட்டத்தில் வாசித்தார்கள். நம்மில் பலரும் அதைக் கேட்டோம். அடுத்த ஆண்டும் அதே குறை, அதே பதில், அதே கையெழுத்து. அது தெரியாமல் நடந்தது அல்ல.

மளிகைக்கடைத் தம்பி, காலை 8.34
மாமா, அது சம்பளமில்லாத பதவி. செயலாளர் நீட்டிய இடத்தில் நம்பிக் கையெழுத்துப் போட்டார். நம்பியது ஒரு குற்றமா?

தணிக்கை மாமா, காலை 8.58
நம்பியது குற்றமில்லை தம்பி. குறை இருக்கிறது என்று எழுத்தில் வந்த பிறகும் நம்பியதைத்தான் கேட்கிறோம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 87ஆவது பிரிவு, அதாவது இழப்பைப் பொறுப்பானவரிடமே வசூலிக்கும் தண்டத் தீர்வை, கையாடல் செய்தவரோடு நிற்பதில்லை. வேண்டுமென்றே காட்டிய அலட்சியத்தால் சங்கத்துக்கு இழப்பு ஏற்படுத்திய நிர்வாகியையும் அது பொறுப்பாக்குகிறது. சம்பளம் வாங்கினாரா இல்லையா என்று சட்டம் பார்ப்பதில்லை. நாளைக்கு அவர் நம் மாநகராட்சியின் அறுபது கவுன்சிலர்களில் ஒருவராக உட்கார்ந்தால், ஒப்பந்தப்புள்ளிகளும் செலவுத் தீர்மானங்களும் அவர் முன்னால் வரும். அப்போது படித்துப் பார்ப்பாரா என்பதுதான் எனக்குள்ள கவலை.

மாடிவீட்டு அக்கா, காலை 9.10
இதையெல்லாம் வேட்புமனுவிலேயே எழுதச் சொல்ல மாட்டார்களா மாமா?

தணிக்கை மாமா, காலை 9.17
வேட்பாளர்கள் தங்கள் மீதுள்ள குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை வாக்காளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. உள்ளாட்சித் தேர்தலிலும் உறுதிமொழிப் பத்திரம் வாங்குகிறார்கள். ஆனால் ஒருவர் பொறுப்பில் இருந்த சங்கத்தின் தணிக்கைக் குறைகளுக்கு அதில் இடமில்லை. நாம்தான் கேட்க வேண்டும் அம்மா.

தமிழாசிரியர் ஐயா, காலை 9.40
கேட்போம். ஆனால் யாரும் அவரைத் ‘திருடர்’ என்று எழுதவோ பேசவோ கூடாது. அது உண்மையும் அல்ல, நியாயமும் அல்ல. முன்கூட்டியே கடிதமாகக் கொடுத்துவிடலாம். தணிக்கைக் குறையைப் படித்தாரா, படித்தபின் செயலாளரிடம் என்ன கேட்டார், இழந்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க இதுவரை என்ன செய்தார் என்று மட்டும் கேட்டால் போதும். யோசித்துப் பதில் சொல்ல அவருக்கும் அவகாசம் இருக்கும். மாலைக்குள் எழுதி இங்கே பதிவிடுகிறேன்.

மளிகைக்கடைத் தம்பி, காலை 10.25
ஐயா, கடிதத்தை நானே சித்தப்பாவின் கையில் கொடுக்கிறேன். வீட்டில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு பாஸ்புத்தகத்தை எடுத்து வந்து வைத்தார்கள். சொந்தக்காரரைக் கேட்கக் கூடாது என்று இத்தனை நாளும் அரிசி டப்பாவில் வைத்திருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை அதையும் கொண்டு வருகிறேன்; மாமா ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.