கோர்வ்டேலில் எங்கள் சிற்றூர்: பேச்சுக் குறைந்த மனிதர்களோடு வாழ்ந்த அனுபவம்

ஆங்கிலக் கிராமங்களில் யாரும் யாரோடும் ஒட்டுவதில்லை, கதவைத் தட்டி நலம் விசாரிக்கக்கூட ஆள் இல்லை என்று நண்பர் ஒருவர் முன்னர் எழுதி வருந்தியிருந்தார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் என் அனுபவம் வேறாக இருப்பதால், அதைச் சற்று விரிவாகவே பகிர விரும்புகிறேன். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில், வென்லாக் எட்ஜ் என்னும் நீண்ட சுண்ணாம்புக்கல் மேட்டுக்கும் கிளீ குன்றுகளுக்கும் நடுவே கோர்வ்டேல் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. கணவரின் மருத்துவமனைப் பணியை முன்னிட்டு அங்குள்ள ஒரு சிற்றூரில் குடியேறினோம். ஒரு தேவாலயம், ஒரு பப், ஓர் ஊர்க்கூடம், சில பண்ணைகள், அவற்றைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள், ஊர் அவ்வளவுதான். கடைகண்ணிக்கும் ரயிலுக்கும் லட்லோ என்னும் நகரத்துக்குப் போக வேண்டும்.

குடிவந்த புதிதில் ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் கதவிடுக்கு வழியே ஒரு தாள் வந்து விழுந்தது. எந்த வாரம் எந்தக் குப்பைத்தொட்டியை வாசலில் வைக்க வேண்டும், மின்சாரம் நின்றால் யாரைக் கேட்க வேண்டும், மண்ணெண்ணெய் வாங்க யாரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அழகான கையெழுத்தில் அதில் எழுதப்பட்டிருந்தன. எங்கள் ஊருக்கு எரிவாயுக் குழாய் இல்லாததால், வீட்டைச் சூடாக்கத் தோட்டத்துத் தொட்டியில் மண்ணெண்ணெய் நிரப்பி வைத்துக்கொள்கிறோம். லாரிக்காரர்கள் பெரும்பாலும் 500 லிட்டருக்குக் குறைவாகக் கொண்டுவர மாட்டார்கள் என்பதால், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஊராரின் தேவைகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, விலை பேசி, ஒரே நாளில் இறக்கச் செய்கிறார். அந்த அம்மையார் இன்றுவரை எங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. ஆனால் அக்டோபர் பிறந்தால், எங்கள் தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்க அவர் மறந்ததும் இல்லை.

தஞ்சைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு மிகவும் வியப்பளித்தது நடைபாதை குறித்த சந்திப்பு. இங்கே பொதுமக்கள் நடக்கும் உரிமை பெற்ற பாதைகள் தனியார் வயல்களுக்குள்ளேயே செல்கின்றன. வேலியில் ஏறி இறங்க மரப்படியும், வழிகாட்ட மஞ்சள் அம்புக்குறியும் இருக்கும். ஒருநாள் அம்புக்குறி நேராகக் கோதுமைப் பயிருக்குள் காட்டியது. விளைந்து நிற்கும் பயிரை மிதிக்க மனம் வராமல் நான் வயலோரமாகச் சுற்றிக்கொண்டு போனபோது, டிராக்டரை நிறுத்தி இறங்கி வந்த விவசாயி, "அம்மா, பாதை நடுவில் போகிறது, தயவுசெய்து அதிலேயே நடங்கள்" என்றார். குறுக்காகச் செல்லும் பாதையை உழுதுவிட்டால் 14 நாள்களுக்குள் சீர்செய்து, குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விட்டு வைக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். மக்கள் நடக்க நடக்கத்தான் பாதை கண்ணுக்குத் தெரியும், எல்லாரும் ஓரமாகப் போனால் இல்லாத இடத்திலெல்லாம் புதுத்தடம் விழும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அன்று தொடங்கிய பழக்கத்தில்தான், பனி கொட்டிய ஒரு குளிர்காலத்தில் எங்கள் வீட்டுச் சந்தில் கிடந்த பனியை அவர் டிராக்டரால் வழித்துவிட்டு, கணவர் பணிக்குச் செல்ல முதலில் வழி செய்து கொடுத்தார்.

இனி, நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தேவாலயக் கோபுரத்தில் ஆறு மணிகள் உள்ளன. அவற்றை அடிப்பது நாம் கோயிலில் மணி அடிப்பதைப் போன்றதன்று. ஒவ்வொரு மணியும் பெரிய சக்கரத்தில் பொருத்தப்பட்டு, கயிற்றை இழுக்கும்போது தலைகீழ் நிலையிலிருந்து முழுவட்டமாகச் சுழல்கிறது. ஆறு பேர் வட்டமாக நின்று, அடிக்கும் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிக்கொண்டே போகிறார்கள். ஒரு வரிசை மறுபடி வராமல் அடித்தால் 720 வரிசைகள் கிடைக்கும். அத்தனையையும் முடிக்க ஏறக்குறைய அரைமணி நேரமாகும். இதில் ராகமும் இல்லை, எழுதிவைத்த தாளும் இல்லை, எல்லாம் மனக்கணக்கு. மணியடிக்க ஆள் போதவில்லை என்று ஊர் இதழில் அறிவிப்பு வந்தபோது, நான் இந்துவாயிற்றே, தேவாலயத்தில் இதைச் செய்யலாமா என்று கோபுரத்து மணிக்குழுவின் தலைவரிடம் கேட்டேன். "உங்கள் நம்பிக்கை உங்களுடையது. வியாழக்கிழமை ஏழரைக்கு உங்களால் வர முடியுமா என்பதுதான் நான் கேட்பது" என்றார்.

கயிற்றில் கம்பளி நூல் கோத்த தடித்த பிடியைச் 'சாலி' என்கிறார்கள். அதை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பது கைக்குப் படியவே பல வாரங்கள் ஆயின. அத்தனை வாரமும் அந்தத் தலைவர் என் எதிரே நின்று, தம் கையையும் அதே கயிற்றில் வைத்துக்கொண்டு, தவறினால் உடனே தாங்கிக்கொண்டார். மற்றவர்கள் தங்கள் பயிற்சி நேரத்தை எனக்காக விட்டுக்கொடுத்துச் சுவரோரப் பெஞ்சில் அமர்ந்திருந்தார்கள். 'ட்ரெபிள்' எனப்படும் முதல் மணியை அடிப்பவர் "லுக் டூ" (தயாராகுங்கள்) என்று எச்சரித்து, "ட்ரெபிள்ஸ் கோயிங், ஷீஸ் கான்" (முதல் மணி கிளம்புகிறது, கிளம்பிவிட்டது) என்று தொடங்கிவைக்கும் அந்த நொடியில் ஆறு பேரின் கவனமும் ஒன்றாகிவிடும். இடையில் சொந்தக் கதை எதுவும் கிடையாது. அந்தக் குழுவில் ஒருவருக்குப் பேரக்குழந்தை பிறந்ததையும் மற்றொருவர் மனைவியை இழந்ததையும் நான் ஊர் இதழைப் படித்துத்தான் அறிந்தேன். ஆனாலும் இந்த நாட்டில் எனக்கு மிக நெருக்கமானவர்கள் யார் என்றால், தயங்காமல் இவர்களைத்தான் சொல்வேன்.

போரில் மாண்டவர்களை நினைவுகூர நவம்பரில் வரும் நினைவு ஞாயிறன்று மணியின் நாக்குக்கு ஒருபுறம் மட்டும் தோலுறை கட்டுவார்கள். ஒருமுறை ஓங்கியும் மறுமுறை அடங்கியும் ஒலிக்கும். பிறகு நினைவுத்தூணருகே, இரு உலகப்போர்களிலும் மாண்ட ஊர்க்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அவற்றில் பல, இன்றும் பக்கத்துப் பண்ணைகளில் வாழும் குடும்பங்களின் பெயர்கள். அவ்விடத்தில் ஒரு முதியவர், உங்கள் வீட்டில் யாரேனும் போருக்குப் போனார்களா என்று என்னைக் கேட்டார். என் தாத்தாவின் அண்ணன் இந்தியப் படையில் சேர்ந்து பர்மா போர்முனையில் இருந்தார் என்றேன். தம் தந்தையும் பர்மாவில்தான் இருந்தார், அதைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறந்ததே இல்லை என்றார் அவர். பர்மாவில் போரிட்ட பதினான்காம் படையில் பெரும்பகுதியினர் இந்தியரே என்று நான் சொன்னதும், தமக்குத் தெரியும் என்று தலையசைத்து, அடுத்த ஆண்டு வாசிப்பில் என் தாத்தாவின் அண்ணன் பெயரையும் சேர்க்கலாமா என்று அனுமதி கேட்டார்.

எல்லாம் இனிமை என்று சொல்ல மாட்டேன். புதியவர்களைப் பார்க்கும் பார்வையில் சில சமயம் ஒரு கூர்மை இருக்கும். ஒரு பெண்மணி என் மகளிடம், நீ உண்மையில் எந்த ஊர் என்று திரும்பத் திரும்பக் கேட்டு அவளை அழவைத்தது எங்கள் மனத்தில் இன்னும் ஆறவில்லை. மேலும், இந்த ஊர்களின் அமைதிக்கு ஒரு விலை உண்டு. அதை அதிகம் கொடுப்பவர்கள் இளைஞர்களும் முதியவர்களும். மாலையில் கடைசிப் பேருந்து போய்விட்டால், கார் இல்லாதவர் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறைக்கென்று வீடு வாங்குவதால், இங்கேயே பிறந்து வளர்ந்த பண்ணைத் தொழிலாளியின் மகன் இங்கே வீடு வாங்க முடிவதில்லை. இரண்டாம் வீடுகளுக்குக் கவுன்சில் வரி என்னும் உள்ளூர் வீட்டு வரியை இரட்டிப்பாக்க 2025 ஏப்ரல் முதல் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கிடைத்திருக்கிறது. அது மட்டும் போதாது என்றே நினைக்கிறேன்.

பேருந்து குறைந்த இடத்தை ஊரார் தங்கள் கார்களால் நிரப்புகிறார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டிய முதியவர்களை அழைத்துச் செல்ல முறைப்பட்டியல் ஒன்று உண்டு. ஷ்ரூஸ்பரிக்கோ ஹெரிஃபோர்டுக்கோ போகவர அரைநாள் ஆகிவிடும். என் முறை வரும் நாள்களில், தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டியம்மாவை அழைத்துப் போகிறேன். வண்டி ஒன்றே செல்லக்கூடிய சந்துகளில் எதிரே கார் வந்தால், ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கமோ அவர்தான் பின்னால் போக வேண்டும், கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து விரலை உயர்த்தி நன்றி சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பறவைக் கூடுகளுக்காக மார்ச் முதல் ஆகஸ்ட் முடிய வேலிச்செடிகளைப் பண்ணைக்காரர்கள் வெட்டுவதில்லை. அதனால் கோடையில் வழி இன்னும் குறுகி, வளைவில் வருவது தெரியாது, ஆகவே மெதுவாகப் போ என்பார். போகும்போது அதிகம் பேச மாட்டார். திரும்பும்போது மடியிலிருக்கும் பையைத் திறந்து, தம் தோட்டத்து அவரையையோ முட்டையையோ இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார்.

நண்பருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் ஊர்க்கூடத்து அறிவிப்புப் பலகையைப் போய்ப் பாருங்கள். நாற்காலி அடுக்கவோ, நடைபாதை வேலியைச் சரிபார்க்கவோ, மணியடிக்கவோ கட்டாயம் எங்கேனும் ஆள் குறைந்திருக்கும். அதில் ஒன்றுக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு, சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அவர்கள் வீட்டுக்கு அழைப்பார்களா என்று காத்திருக்க வேண்டாம்.