பழக்கத்தைக் கிளப்பிவிடும் குறிக்கு என்ன சொல்?

மண்டபத்திலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். கடலோர ஊர்களுக்கான நலவாழ்வுக் கையேட்டில் 'க்யூ' (cue) என்ற ஆங்கிலச் சொல் இடிக்கிறது. ஒரு பழக்கத்தைத் தானாகக் கிளப்பிவிடும் இடம், நேரம், முந்தைய செயல் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். 'தூண்டல்' என்று போட்டுப் பார்த்தோம். கண்ணில் படும் எந்த ஒளியும் தூண்டல்தான். இதுவோ ஒரே செயலோடு திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்து வலுப்பெற்றது. 'நினைவூட்டல்' இன்னும் மோசம். செல்போன் அலாரத்தை நிறுத்தினால் செயலும் நின்றுவிடும்.

தொண்டியிலிருந்து:
'நங்கூரம்' அல்லது 'தொடுப்பு'. புதுச் செயலைப் பழைய செயலில் கட்டுவதுதானே முறை?

பாம்பனிலிருந்து:
அண்ணே, நங்கூரம் போட்டால் வள்ளம் நிற்கும், கிளம்பாது. தொடுப்பு வேண்டவே வேண்டாம். "உங்கள் தொடுப்பைக் கண்டுபிடியுங்கள்" என்று கையேட்டில் அச்சடித்தால் ஊரில் வீட்டுக்கு வீடு சண்டை வரும்.

சொல்லுக்கு முன்னால் பொருளைத் துல்லியமாக்குவோம். இரத்த அழுத்த மாத்திரையைப் 'படகில் ஏறுமுன்' என்று கட்டினால் தோற்றுப்போகும். ராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள்தான் கடலுக்குப் போகும்; ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மாத்திரையோ தினமும் வேண்டும். அதைக் காலை டீயோடு கட்டலாம், டப்பா டீத்தூளுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். உயிர்காப்புச் சட்டைக்கு நேர்மாறு: டீ உதவாது, இஞ்சினைக் கிளப்பக் கை வைக்கும் நொடிதான் குறி. ஆக, குறியும் செயலும் ஒரே கணக்கில் வரவேண்டும், ஒரே இடத்தில் நடக்கவேண்டும், இடையில் வேறு வேலை நுழையக்கூடாது. 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்பது தளர்வு. 'தட்டைக் கழுவி வைத்ததும்' என்றால் கண்ணுக்குத் தெரியும். "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே வகுப்பதன் பலனை உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் 1999-இல் விரிவாக எழுதியிருக்கிறார்.

கீழக்கரையிலிருந்து:
என் முன்மொழிவு 'ஏவுகுறி'. ஏவுகணை போல வினைத்தொகை, ஆகவே நடுவில் 'க்' போடாதீர்கள். 'ஏவுகுறி மாற்றம்', 'ஏவுகுறி இழப்பு' என்று நீட்டினாலும் உடையாது.

கையேட்டில் உள்ள '21 நாளில் பழக்கம்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்தது. பழக்கம் வளரும் வேகத்தைக் காட்டும் கணக்குக்குச் சரியாகப் பொருந்தியவர்கள் 39 பேர். அவர்களுக்குச் செயல் பழக்கமாகப் பிடிக்க ஆனதில் நடு அளவு 66 நாள், வீச்சு 18 முதல் 254 வரை; 12 வாரத்தைத் தாண்டிய எண்கள் அந்தக் கணக்கை நீட்டி மதிப்பிட்டவை. ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. அதுவும் தினசரிச் செயலுக்கான கணக்கு. வாரம் 3 நாள் மட்டும் செய்தால், 66 தடவை சேரவே 22 வாரம் ஆகும். நடுவில் தடைக்காலம் விழுந்தால் படகோடு ஒட்டிய பழக்கம் பாதியில் நிற்கும். ஜூன் 15-ஐ முதல் நாளாகப் போடுங்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் அவர்களுக்கு இந்தச் சிக்கலும் இல்லை.

தொண்டியிலிருந்து:
தடைக்காலத்தை வெறும் இடைஞ்சலாக எழுதவேண்டாம். விடவேண்டிய பழக்கத்துக்கு அதுதான் நல்ல நேரம். படகில் ஏறியதும் புகையிலை போடுபவருக்கு அந்தக் குறியே 61 நாள் கண்ணில் படாது. ஆனால் பழைய பழக்கம் அழிந்துவிடுவதில்லை, அடங்கித்தான் கிடக்கிறது; திரும்ப ஏறிய அன்றே கை பொட்டலத்தைத் தேடும். அந்த இடத்தில் கடலைமிட்டாயோ வேறெதுவோ முதல் நாளே இருக்கவேண்டும். 'ஏவுகுறி இழப்பு' என்ற பதிவின் கீழ் இதைச் சேர்க்கலாம்.

பாம்பனிலிருந்து:
ஏவுகுறிக்கு என் ஒப்புதல். ஒரே தடை: நம் பக்கம் 'ஏவல்' என்றால் பில்லி சூனியம். தலைப்பிலோ விளக்கத்திலோ 'ஏவல்' தனியாக வரவேண்டாம், 'ஏவுகிறது' என்றும் எழுதவேண்டாம். "ஏவுகுறி செயலைக் கிளப்புகிறது" என்றே இருக்கட்டும்.

மண்டபத்திலிருந்து:
அப்படியே திருத்துகிறேன். 'பழக்கம்', 'வழக்கம்' இரண்டையும் கலந்து எழுதிய 4 இடங்களும் இருக்கின்றன. ஒருவருடையது பழக்கம், ஊருடையது வழக்கம் என்று பிரித்துக்கொள்ளட்டுமா?