புதுப்பிப்பு: கன்டெய்னருக்குள் போகாத ஆர்கியுமென்ட், காரணம் கிடைத்துவிட்டது

நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்த சூழலுக்குள் ஓட்டும் மென்பொருளான டாக்கரின் ரன் கட்டளையில், இமேஜ் (கன்டெய்னர் உருவாகும் அச்சு) பெயருக்குப் பின்னால் என்ன ஆர்கியுமென்ட் (நிரலுக்குத் தரும் உள்ளீடு) கொடுத்தாலும் என் ஸ்கிரிப்டுக்குப் போய்ச் சேரவில்லை, பிழைச்செய்தியும் இல்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். டாக்கர்ஃபைலில் (இமேஜை உருவாக்கும் குறிப்புக் கோப்பு) என்ட்ரிபாயின்டை (கன்டெய்னர் தொடங்கும்போது ஓடும் கட்டளை) சதுர அடைப்பு இல்லாமல் வெறும் வரியாக எழுதியிருந்ததுதான் காரணம். அப்படி எழுதினால் டாக்கர் அதை ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) வழியாக ஓட்டும், நாம் பின்னால் கொடுப்பதும் சிஎம்டி வரியில் (நாம் எதுவும் கொடுக்காதபோது போகும் ஆர்கியுமென்ட்களை எழுதும் வரி) இருப்பதும் ஸ்கிரிப்டுக்குக் கிடைக்காது. சதுர அடைப்புக்குள் இரட்டை மேற்கோள் போட்டு மாற்றினேன், எல்லாம் வந்தது.

அப்புறம் இன்னொன்று. இடைவெளி உள்ள கோப்புப் பெயர் இரண்டாக உடைந்தது. ஸ்கிரிப்டில் $@ (வந்த எல்லா ஆர்கியுமென்ட்களையும் குறிப்பது) என்று இருந்ததை "$@" ஆக்கியதும் சரி. இரட்டை மேற்கோள்தான் போட வேண்டும், ஒற்றை போட்டால் அந்த இரண்டு எழுத்தே அப்படியே போய்விடும், கவனம்! அதே வரியின் முன்னால் எக்செக் (ஷெல்லின் இடத்தில் நிரலையே ஓட வைக்கும் கட்டளை) சேர்த்தேன், இப்போது டாக்கர் ஸ்டாப் (கன்டெய்னரை நிறுத்தும் கட்டளை) கொடுத்தால் 10 விநாடி இழுக்காமல் உடனே நிற்கிறது. உதவிய எல்லோருக்கும் நன்றி.