ஜெட்டுக்குத் தமிழ்: தாரை வேண்டாம், கண் போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைத் தமிழில் என்ன சொல்வது என்று நாலு நாளாக அடித்துக்கொண்டோம். என்னைக் கேட்டால் அது கார்புரேட்டராகவே இருந்துவிட்டுப் போகட்டும். என் கவலை அதற்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துண்டைப் பற்றியது, அதாவது ஜெட். பழைய வண்டியை டியூன் செய்வது பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே 'ஜெட்' வந்து குறுக்கே நிற்கிறது. இதுவரை வந்த முன்மொழிவுகள் எதுவும் எனக்கு ஒட்டவில்லை.

> ஜெட் = தாரை. தாரை விமானம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். புதிதாக எதற்கு?

தாரை என்பது பாய்கிற நீர். தாரை வார்க்கும்போது கையிலிருந்து விழுகிறதே, அது. கார்புரேட்டர் ஜெட் எங்கேயும் பாய்வதில்லை. மரையிட்ட குட்டித் திருகாணி, நடுவில் ஒரு துளை, தலையில் ஸ்க்ரூடிரைவர் வெட்டு, பக்கத்தில் ஓர் எண். அவ்வளவுதான். 'தாரையைக் கழற்றி ஊதி மாட்டினேன்' என்று எழுதிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும். பிரெஞ்சிலும் பீச்சுவது என்ற வினையிலிருந்துதான் இதற்குப் பெயர் என்று ஒருவர் காட்டியிருந்தார். உண்மைதான். அவர்கள் வைத்துவிட்டார்கள், பழகியும் விட்டார்கள். நாம் இப்போதுதான் வைக்கப்போகிறோம். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கலாமே.

> துளை என்றே சொல்லலாம். பெருந்துளை, சிறுதுளை.

இது பக்கத்தில் வருகிறது. ஆனாலும் ஏன் போதாது என்பதை என் வண்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிட்டுத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

என்னிடம் இருப்பது பிரீமியர் பத்மினி, 1089 சிசி, சோலெக்ஸ் கார்புரேட்டர். வாங்கிய முதல் வாரத்திலிருந்தே பெட்ரோல் நாற்றம், நாலு பிளக்கும் அடுப்புக்கரி, அதாவது பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. கழற்றிப் பார்த்தால் மெயின் ஜெட்டில் 120 என்று அழகாகப் பொறித்திருக்கிறது. சோலெக்ஸ், வெபர் இரண்டு கம்பெனிக் கார்புரேட்டரிலும் அந்த எண் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 120 என்றால் 1.20 மி.மீ. எண் சரியாக இருக்கிறது, அப்புறம் ஏன் கரி பிடிக்கிறது? கார்புரேட்டரின் பெட்ரோல் தொட்டியில் மிதக்கும் ஃப்ளோட்டின் மட்டம் பார்த்தேன், ஊசி வால்வு மாற்றினேன், சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் ஒழுங்கு.

கடைசியில் ஒரு லேத் பட்டறையில் அளவு ஊசிகளை இரவல் வாங்கி நுழைத்துப் பார்த்தேன். 1.20 ஊசி லொடலொடவென்று ஆடியது. 1.25 போனது. 1.30 கொஞ்சம் தயங்கிவிட்டு அதுவும் போனது. எனக்கு முன்னால் யாரோ அடைப்பெடுக்கக் கம்பியை விட்டுக் குடைந்திருக்கிறார். கூடியது வெறும் 0.10 மி.மீ. ஆனால் பெட்ரோல் போவது துளையின் பரப்பைப் பொறுத்து. பரப்போ விட்டத்தின் இருமடியாக ஏறும். கணக்குப் போட்டால் 17 சதம் அதிகம். புது 120 மாட்டி, ஆளில்லாத சாலையில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்து, அப்படியே எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்து ஓரம் கட்டினேன். பிளக்கைக் கழற்றினால் டீக்கடைப் பொறையின் நிறம். அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே!

கம்பி பட்ட ஜெட்டில் துளை அப்படியேதான் இருந்தது, போனது அளவு. ஜெட் என்ற பொருளே அந்த அளவுதான். இன்னொன்றும் உண்டு. ஒரே விட்டமுள்ள இரண்டு ஜெட்டில் வாய்ச்சரிவும் துளை நீளமும் வேறு வேறாக இருந்தால் பெட்ரோல் ஒரே அளவில் போகாது. மிக்குனி கார்புரேட்டரின் பெரிய அறுகோண ஜெட்டில் எண் குறிப்பது விட்டத்தை அல்ல, ஓட்டத்தை. ஹோலி கார்புரேட்டர் ஜெட்டில் உள்ள எண்ணையும் விட்டமாகப் படிக்கக் கூடாது. 'துளை' என்று பெயரிட்டால் எல்லா எண்ணும் விட்டம் என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஆக, ஓட்டை என்பதும் வேண்டும், இவ்வளவுதான் விடும் என்பதும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல் நம் கையிலேயே இருக்கிறது: கண்.

ஏரி மதகைக் கேட்டால் 'மூணு கண் மதகு' என்பார்கள். ஆரியங்காவுப் பக்கம் ரயில் போவது பதிமூன்று கண் பாலத்தின் மேல். சல்லடைக்குக் கண் உண்டு, மீன் வலைக்கும் உண்டு. கண் பெரிதா சிறிதா என்பதை வைத்துத்தான் எது போகும், எது நிற்கும் என்பது. குமிழித் தூம்பை நினைத்துப் பாருங்கள். ஏரி நீரைத் திறந்துவிட ஏரிக்குள் நிற்கும் பழங்காலக் கல் தொட்டி. மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. ஃப்ளோட் தொட்டியைத் திறந்து அடியில் படிந்திருக்கும் கசண்டைப் பார்த்தவருக்கு இந்த ஒற்றுமையை விளக்க வேண்டியதில்லை. அங்கே 'துளை' என்றுதானே பெயர், கண் இல்லையே என்று யாராவது பிடிப்பதற்குள் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தனியாக வரும்போது குழப்பம் வரலாம். 'கண் மாற்றும் முறை' என்று தலைப்புப் போட்டால் ஆஸ்பத்திரிக் கட்டுரை என்று நினைப்பார்கள். அதற்காகத் தலைப்பிலும் முதல் தடவையும் 'அளவுக்கண்', அப்புறம் கண். மெயின் ஜெட் வண்டி ஓடும்போது வேலை செய்வது, அதனால் ஓட்டக் கண். அந்தப் பெட்ரோலோடு காற்றைச் சேர்க்கும் ஏர் கரெக்டர் காற்றுக் கண். கடைகளில் ஸ்லோ ஜெட் என்று சொல்லும் ஐடில் ஜெட்டைச் 'சோம்பல் ஜெட்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அகராதியைப் பார்த்து எழுதினால் இப்படித்தான். வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது, நின்றோட்டம். எனவே நின்றோட்டக் கண்.

சொல் நிற்குமா என்று பார்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

'வெபர் கார்புரேட்டரில் தொண்டை (காற்று போகும் வழி குறுகும் இடம்) 30 மி.மீ. என்றால் அதை நாலால் பெருக்கி, 120 ஓட்டக் கண்ணில் தொடங்குவது வழக்கம். அதோடு 50 கூட்டினால் காற்றுக் கண், 170. எஞ்சினின் எல்லாச் சுற்று வேகத்திலும் கலவை கெட்டியாக (பெட்ரோல் மிகுந்து) இருந்தால் ஓட்டக் கண்ணை ஒரு படி இறக்குங்கள். மேல் சுற்றில் மட்டும் கெட்டியாகிறது என்றால் ஓட்டக் கண்ணைத் தொடாமல் காற்றுக் கண்ணை ஏற்றுங்கள். ஊட்டி உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறையும், கலவை சுமார் 10 சதம் கெட்டியாகும். அங்கேயே குடியிருப்பவர் 115 கண் போட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் போய் வருகிறவர் இதற்காகப் பானட்டைத் திறக்க வேண்டாம்.'

எனக்கு எங்கும் இடறவில்லை. 'தொண்டை', 'கெட்டி' பற்றிச் சண்டை போடுகிறவர்கள் தனி இழையில் வாருங்கள்.

> மொரிஸ் மைனரின் எஸ்யூவில் ஜெற்றை மாத்துறதே இல்லை, ஊசியைத்தானே மாத்துறம்? உங்கட சொல் அங்க பொருந்துமோ?

யாழ்ப்பாணத்து அண்ணர் கேட்டது நல்ல கேள்வி. மைனரில் வரும் எஸ்யூ கார்புரேட்டரின் எச்எஸ்2 வகையில் ஜெட்டின் விட்டம் எப்போதும் 0.090 அங்குலம். அதற்குள் மேலும் கீழும் போய்வரும் ஊசி நுனியை நோக்கி மெலிந்திருக்கும். ஊசிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள வளைய இடைவெளிதான் பெட்ரோலை அளக்கிறது. கண் அதேதான், திறப்புத்தான் மாறுகிறது. மதகுக் கண்ணில் பலகையை ஏற்றி இறக்குவதும் இதே வேலைதான், எனவே பொருந்தும் அண்ணா. 'கண்ணில் ஊசி' என்று எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது, அது வேறு விஷயம்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று கேட்கும். இதற்கு ஏறக்குறைய 13.5 போதும். அதாவது பழைய கண்ணோடு ஓட்டினால் கலவை இளகி, வண்டி இழுக்காமல் திக்கும். பரப்பில் 8 சதம் கூட்ட வேண்டும், விட்டத்தில் 4. எனக்கு அது 120க்கு அடுத்த படி. போன வாரம் உதிரிபாகக் கடைக்குப் போய், வேண்டுமென்றே "பத்மினிக்கு நூத்தி இருபத்தஞ்சு கண் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டுப் பார்த்தேன்.

கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். "மெயினா, ஸ்லோவா?" என்றார்.