வற் வரி பற்றிச் சங்கத்தில் வாக்கெடுப்பு: விதி எப்படி எழுதுவது?

வணக்கம். மட்டக்களப்பு எழுவான்கரைப் பக்கம் ஒரு சிறிய வர்த்தகர் சங்கத்தின் செயலாளர் நான். வற் வரி (பெறுமதி சேர் வரி, VAT) பற்றி நிதி அமைச்சுக்கு எங்கள் நிலைப்பாட்டை எழுத வேண்டும். கடிதம் மாதக்கணக்கில் வரைவாகவே கிடக்கிறது.

2024 ஜனவரியில் வற் 18 சதவீதம் ஆனது. வற் பதிவு கட்டாயமாகும் ஆண்டு விற்பனை எல்லையும் 8 கோடி ரூபாயிலிருந்து 6 கோடிக்கு இறங்கியது. எல்லையை உயர்த்தக் கேட்போம் என்கிறார்கள் மொத்த வியாபாரிகள். சின்னக் கடைக்காரர்களோ, "நாங்கள் பதிவிலேயே இல்லை. வாங்கும் சாமானில் வரி கட்டுகிறோம், அதைக் கழிக்க வழியில்லை. வீதத்தைக் குறைக்கக் கேளுங்கள்" என்கிறார்கள். இரண்டும் நியாயம்தான்.

சங்கத்தின் யாப்பில் (விதித் தொகுப்பில்) "பெரும்பான்மையால் தீர்மானிக்கப்படும்" என்று ஒரே வரி. கூட்டத்துக்கு வந்தவர்களிலா, மொத்த அங்கத்தவர்களிலா என்று இல்லை.

கை உயர்த்தச் சொல்லிப் பார்த்தோம். கடனுக்குச் சாமான் எடுப்பவர், முன்வரிசையில் இருக்கும் மொத்த வியாபாரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குகிறார். அதை வாக்கு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டோம், பாதிப் பேர் பதிலே போடவில்லை. சரி, நிர்வாக சபையே முடிவெடுக்கட்டும் என்றால், "எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரில் கடிதமா?" என்று சண்டை.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் யாப்புத் திருத்தத்தை அறிவித்தாக வேண்டும். கல்முனை, காத்தான்குடி, அக்கரைப்பற்று, எங்கே சங்கம் நடத்துகிறவர்களானாலும் சொல்லுங்கள்: அரசுக்கு அனுப்பும் நிலைப்பாட்டுக்கு இரகசிய வாக்கெடுப்பு நடத்த, உங்கள் யாப்பில் விதியை என்ன வாசகத்தில் எழுதியிருக்கிறீர்கள்?