ஜெர்மனியில் சர்வதேச வணிகம்: படிக்கும்போதே அனுபவம் கிடைக்குமா?

பனியன்பையன்: திருப்பூரில் பி.காம் முடித்தேன். அப்பா பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். ஹாம்பர்க்கில் முதுகலை படிக்க ஆசை. பாடமெல்லாம் ஆங்கிலம்தான். வேலை கிடைக்குமா?

துறைமுகத்தான்: நான் அங்கேதான் படித்தேன், தம்பி. வகுப்பு ஆங்கிலம், ஆபீஸ் ஜெர்மன். ஆறு மாதம் அலைந்து ஒரு சரக்குக் கம்பெனியில் பகுதிநேர வேலை கிடைத்தது. முதல் வாரமே பேக்கிங் லிஸ்ட்டில் நிகர எடையையும் மொத்த எடையையும் மாற்றிப் போட்டேன். கன்டெய்னர் இரண்டு நாள் நின்றது. இத்தனைக்கும் இன்கோடெர்ம்ஸ் (சரக்கு அனுப்பும் செலவும் பொறுப்பும் விற்பவருக்கா வாங்குபவருக்கா என்று சொல்லும் சர்வதேச வணிக விதிகள்) பாடத்தில் வகுப்பிலேயே அதிக மார்க் எனக்குத்தான்! பி1 நிலை (அன்றாடம் பேசிச் சமாளிக்கும் இடைநிலை) ஜெர்மனை ஊரிலேயே முடித்துவிட்டு வா.

குளிர்காரி: ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். பாடத்திட்டத்திலேயே கட்டாயமாக உள்ள இன்டர்ன்ஷிப் இந்தக் கணக்கில் வராது. அப்படிப்பட்ட படிப்பாகத் தேடுங்கள்.

பனியன்பையன்: சரி அண்ணா, சரி அக்கா. பேக்கிங் லிஸ்ட்டை அப்பாவிடமே கத்துக்கறேன்.