ஹான்லேயில் டென்ட் போட்டு வானம் பார்க்க: சென்னையிலிருந்து என்ன கொண்டுபோவது?

மடிப்பாக்கம்_ஓரியன்:
வணக்கம். செப்டம்பர் கடைசியில், அமாவாசையை ஒட்டி, நாலு பேர் லடாக் ஹான்லே போகிறோம். டெல்லி வழியாக லே, அங்கே ஒரு ராத்திரி, மறுநாளே வண்டி பிடித்து ஹான்லே, மூணு ராத்திரி டென்ட். கையில் 10×50 பைனாகுலர், 8 இஞ்ச் டாப்சோனியன் தொலைநோக்கி, க்ராப் சென்சார் கேமரா, 16 மி.மீ. லென்ஸ் இருக்கு. ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோகிற அதே சாமான்கள் போதுமா?

உயரம்_தாண்டி:
சாமான் இருக்கட்டும், முதல்ல அந்த அட்டவணையை மாத்துங்க. சென்னை கடல் மட்டம். லே 3,500 மீட்டர். ஹான்லே 4,300 வாக்கில். ஒரே ராத்திரி இடைவெளியில் அங்கே ஏறினா தலைவலி, வாந்தி, தூக்கமின்மைன்னு டென்ட்டுக்குள்ளேயே படுத்துக் கிடக்க வேண்டியதுதான். லேயில் மூணு ராத்திரி தங்குங்க, முதல் நாள் படியேறுறதுகூட வேண்டாம். நாலாவது ராத்திரி வழியில இருக்கிற சுமத்தாங் ஊரில், ஏறக்குறைய 4,000 மீட்டர். அதுக்கப்புறம் ஹான்லே.

உயரத்தால வர்ற இந்தத் தொல்லைகளைத் தடுக்கற மாத்திரை டயமாக்ஸ் வழக்கமா 125 மி.கி., காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஏறுறதுக்கு முதல் நாளே ஆரம்பிக்கணும். டாக்டரைக் கேட்காம வேண்டாம், சல்ஃபா அலர்ஜி இருக்கறவங்க குறிப்பா. விரல் நுனி கூசும், சிறுநீர் அடிக்கடி வரும் (பூஜ்ஜியத்துக்குக் கீழே, நடுராத்திரியில, ஸ்லீப்பிங் பேக் ஜிப்பைத் திறந்துக்கிட்டு!). நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும்னு காத்திருக்காம கீழே இறங்கணும்.

வானம் பார்க்கறவங்களுக்கு இதுல இன்னொரு விஷயம் இருக்கு. இருட்டில் வேலை செய்யற விழித்திரைக் கோல் செல்கள் ஆக்சிஜன் குறைஞ்சா முதல்லயே மந்தமாகும். உடம்பு பழகாம போனா, அத்தனை இருட்டு இருந்தும் மங்கலான நட்சத்திரங்கள் கண்ணுக்குத் தட்டுப்படாது. மங்கலான ஒண்ணைத் தேடறப்ப நாலஞ்சு தடவை ஆழமா மூச்சு இழுத்துட்டுப் பாருங்க. சிகரெட்டும் சரக்கும் கூடாது.

குக்கர்_விசில்:
சமையல் பத்தி யாரும் சொல்லலை. அந்த உயரத்தில் தண்ணி சுமார் 86 டிகிரியிலேயே கொதிச்சிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது, சாதம் நடுவில் விதைவிதையா நிற்கும். 2 லிட்டர் குக்கர் கட்டாயம். கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் ஏத்த விடமாட்டாங்க, லேயில் வாங்குங்க. ப்யூட்டேன் மட்டும் உள்ளது வேண்டாம், குளிரில் ஆவியாகாம அடுப்பு இழுத்து இழுத்து எரியும். ப்ரோப்பேன் கலந்ததாப் பாருங்க. டென்ட்டுக்குள்ளே அடுப்பு பத்த வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாது.

தரையெல்லாம் கல், ஆணி இறங்காது. கயிறு கூடுதலா எடுத்துப்போய்ப் பெரிய கல்லில் கட்டுங்க, சாயங்காலக் காத்து பலமா அடிக்கும். புல்வெளி ஓரம் டென்ட் போடாதீங்க, கருங்கழுத்துக் கொக்குகள் குஞ்சு பொரிக்கிற சதுப்பு நிலம் அது. இடம் எதுன்னு கிராமத்தில் கேட்டுட்டுப் போடுங்க. ஸ்லீப்பிங் பேக்ல 'கம்ஃபர்ட்' அளவு மைனஸ் 10 இருக்கணும். 'எக்ஸ்ட்ரீம்'னு போட்டிருக்கிற எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க. குளிர் மேலேயிருந்து வர்றதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும், அதனால காத்தடைச்ச மெத்தைக்குக் கீழே ஒரு ஃபோம் பாய். தண்ணி பாட்டிலைத் தலைகீழா வைங்க. பனி மேல்பக்கம் கட்டும், மூடிப் பக்கம் உறையாம இருக்கும்.

நம்மூர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேணும்.

பால்வீதி_பல்லாவரம்:
வானத்துக்கு வருவோம். ஹான்லே அட்சரேகை ஏறக்குறைய 33, நம்மூர் 13. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துப் புகையில் காணாம போயிடும், அங்கே 33 டிகிரியில் பளிச்னு நிற்கும். ஆனா தெற்கே நஷ்டம். தென் சிலுவை ஹான்லேயில் உதிக்கவே உதிக்காது. அகத்திய நட்சத்திரம் உச்சத்திலேயே 5 டிகிரிக்குக் குறைவு, மலை மறைச்சிடும். ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தும் சிலுவையும் வேணும்னா ஏப்ரலில் ஜவ்வாது மலைக்கே போங்க. ஹான்லேயை வடக்கு வானத்துக்கு வைச்சுக்கோங்க.

செப்டம்பர் கடைசியில் ஏழரைக்கு முழு இருட்டு. பால்வீதி மையம் ஒன்பதரை வாக்கில் மலைக்குப் பின்னால போயிடும், அதனால அதைத்தான் முதல்ல பார்க்கணும், சாப்பாடு அப்புறம். நள்ளிரவு தாண்டினா ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. அதைவிட மங்கலான எம்33 விண்மீன் மண்டலத்தை வெறுங்கண்ணால் முயற்சி பண்ணுங்க, நேரா முறைக்காம ஓரக்கண்ணால். விடியறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி கிழக்கில் சாய்ந்த கூம்பு மாதிரி ஒரு வெளிச்சம் எழும்பும். ஊர் வெளிச்சம்னு நினைச்சுடாதீங்க, அது ராசிமண்டல ஒளி, கோள்களுக்கு நடுவில் இருக்கிற தூசியில் சூரிய வெளிச்சம் பட்டுத் தெரியறது.

கேமராவுக்கு ஐஎஸ்ஓ 3200, எஃப்/2.8, 15 வினாடி. 20-க்கு மேல் போனா நட்சத்திரம் கோடா இழுக்கும். பேட்டரி மூணு, உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில். வேலை முடிஞ்சதும் கேமராவை வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடிட்டு அப்புறம் டென்ட்டுக்குள்ள கொண்டுபோங்க, இல்லேன்னா மூச்சுக்காத்து ஈரம் லென்ஸில் படியும்.

2022-ல் இருண்ட வானக் காப்பகமா அறிவிச்ச இடம் அது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ரெண்டு மடிப்பு ஒட்டுங்க. டென்ட்டுக்குள்ள வெள்ளை விளக்கு போட்டா டென்ட்டே குண்டு பல்பாயிடும், பக்கத்தில் படம் எடுக்கறவங்க சும்மா விடமாட்டாங்க.

மடிப்பாக்கம்_ஓரியன்:
அட்டவணையை மாத்திட்டோம். அப்ப டாப்சோனியன்?

பால்வீதி_பல்லாவரம்:
வீட்டிலேயே இருக்கட்டும். நாலடி நீளக் குழாய், அடித்தட்டோட சேர்த்து 20 கிலோ வாக்கில், லக்கேஜில் போட்டா கண்ணாடி சீரமைப்பு எங்கே போய் நிக்கும்னு சொல்ல முடியாது. கிராமத்து இளைஞர்களுக்கு இந்திய வானியற்பியல் நிறுவனம் பயிற்சி கொடுத்து தொலைநோக்கியும் கொடுத்திருக்கு, அவங்களோட ஒரு ராத்திரி ஏற்பாடு பண்ணிக்கோங்க. மத்த ராத்திரிகளுக்கு 10×50 போதும், ட்ரைபாட் அடாப்டர் மட்டும் மறந்துடாதீங்க. கையுறை போட்ட கை நடுங்கும்.